தாலிக்கு மூன்று முடிச்சு, தாளுக்கு எத்தனை?

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒரு கட்டு முழுக்கக் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, புழல் பக்கத்திலிருந்து வந்தவை. எல்லாவற்றிலும் ஒரே விஷயம்தான்: கணவன் ஒரு நாடு, மனைவி ஒரு நாடு. அதனால் சினிமாக் கேள்விகளையும் சமையல் கேள்விகளையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தார்கள், யாருடையதையும் போடவில்லை. என் அண்ணி இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் வளர்ந்தவர். இந்த விஷயத்தில் நான் எந்தப் பக்கம் என்று வாசகர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ளட்டும்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் தையல் கடை வைத்திருக்கிறேன் அக்கா. அவர் முகாமில் பிறந்தவர், சிப்காட்டில் வேலை. என் கடையிலிருந்து அவர் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். எங்களையும் 'வெளிநாட்டுத் தம்பதி' என்கிறார்களே, நிஜமா?

சட்டத்தின் கண்ணுக்கு நிஜம்தான் தங்கச்சி. கும்மிடிப்பூண்டி முகாம் 1990-லிருந்து இங்கே இருக்கிறது. உங்கள் கணவர் பிறந்த ஊரும் படித்த பள்ளியும் உழைக்கும் ஆலையும் இந்த வட்டாரம்தான். ஆனால் தாளில் அவர் இலங்கையர். லண்டன் மாப்பிள்ளையைக் கட்டியவளுக்கு என்னென்ன காகிதம் வேண்டுமோ, அதைவிட இரண்டு கூடவே உங்களுக்கு வேண்டியிருக்கும். தெரு ஒன்று என்பதற்காக ஒரு நகல்கூடக் குறையாது. நாளைக்கே ஒரு நல்ல ஃபைல் வாங்குங்கள். மழை நனைக்காத பிளாஸ்டிக் ஃபைலாக இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அட்டை ஃபைலோடு வாழ்க்கையையே தொலைத்தவர்களை நமக்குத் தெரியும்.

எங்களுக்குச் சிறுவாபுரி முருகன் கோயிலில் தாலி கட்டினார்கள். ஆறு மாதம் ஆகிறது. கோயில் ரசீது பத்திரமாக இருக்கிறது. போதுமா?

முருகனுக்குப் போதும், தூதரகத்துக்குப் போதாது.

2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி, எந்த மதத்தில் எந்த முறையில் நடந்த கல்யாணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் தருகிறார்கள். உங்களுக்கு அந்த 150 நாளும் தாண்டிவிட்டது. கலங்க வேண்டாம், இன்னொரு கதவு இருக்கிறது. 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டத்தில், வேறு முறையில் ஏற்கெனவே நடந்த கல்யாணத்தைப் பதிந்துகொள்வதற்கென்றே 15-ஆவது பிரிவு உண்டு. மனுச் செய்வதற்கு முந்தைய 30 நாள் நீங்கள் இருவரும் அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். மனு கொடுத்ததும் 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். ஆட்சேபம் வராவிட்டால் மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்துப் போட வேண்டியதுதான். அந்தச் சான்றிதழைப் பிற நாடுகளின் விசா அதிகாரிகளும் பழகிய தாளாகப் பார்ப்பார்கள். 'இது என்ன?' என்ற கேள்வி எழாது.

முக்கியமானது இனிமேல்தான். 'பாஸ்போர்ட், விசா இல்லாதவருக்குப் பதிய மாட்டோம்' என்று வாய்ச்சொல்லாகவே திருப்பி அனுப்புவது சில இடங்களில் நடக்கிறது. என் அண்ணனுக்கும் நடந்தது. நாலு முறை வெயிலில் போனான், நாலு முறையும் அதே வாய்ச்சொல். வாய்ச்சொல்லை எதிர்த்து எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது. ஐந்தாவது முறை, 'மறுப்பை எழுத்தில் கொடுங்கள் சார்' என்று ஒரு கடிதத்தை நீட்டினான். அதற்குப் பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. சிறப்புத் திருமணச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பதிய மறுத்து ஆணை போட்டால் 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை தருகிறது. கல்யாணம் செய்துகொள்ள இந்தியக் குடியுரிமை வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

எங்களுடையது சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, அக்கினி இல்லை. வெளிநாட்டு அதிகாரி நம்புவாரா?

நம்ப வைக்க அண்ணா ஏற்கெனவே வேலை செய்து வைத்திருக்கிறார். 1967-இல் அவர் ஆட்சியில் நிறைவேறிய திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவாக இருக்கிறது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலும் மோதிரம் போட்டாலும் தாலி கட்டினாலும் செல்லும். பதிவுச் சான்றிதழோடு அந்தப் பிரிவின் ஆங்கில நகலையும் ஒரு பக்கம் இணைத்துவிடுங்கள். கேள்வி வருவதற்கு முன்பே பதில் மேசையில் இருக்கும்.

பொன்னேரியிலிருந்து எழுதறேன்மா. மருமகன் முகாம் பையன், தங்கம். 'நம்ம பொண்ணைக் கட்டினதும் இந்தியன் ஆயிடுவான்'னு சொந்தக்காரங்க சொன்னாங்க. ஒன்பது வருஷம் ஆச்சு. ஏன் இன்னும் ஆகல?

அம்மா, சொந்தக்காரர்கள் சொன்னதில் பாதி உண்மை. குடியுரிமைச் சட்டம் 1955, பிரிவு 5(1)(சி) என்ன சொல்கிறதென்றால், இந்தியரை மணந்தவர் ஏழு ஆண்டு இங்கே வசித்திருந்தால் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம். ஆண், பெண் என்ற பேதம் இல்லை. உங்கள் மருமகன் அந்த ஏழு ஆண்டையும் தாண்டிவிட்டார். ஆனால் அதே பிரிவின் தொடக்கத்தில் ஒரு நிபந்தனை உட்கார்ந்திருக்கிறது: மனுச் செய்பவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. செல்லத்தக்க பயண ஆவணம் இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர் எல்லோரும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள். குண்டு விழும்போது படகேறியவர் பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போய்விட்டா ஏறுவார்? படகிலேயே ஏறாமல் இங்கே பிறந்த பிள்ளைக்கும், அப்பா அம்மாவிடமிருந்து அந்தச் சொல் ஒட்டிக்கொள்கிறது. என் அண்ணி இந்த மண்ணில் பிறந்தவர். முகாம் பதிவேட்டைத் திறந்தால் அவர் அகதி.

அண்மையில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. வெளிநாட்டவர் பற்றிய பழைய சட்டங்களுக்குப் பதிலாக, 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 நடைமுறையில் இருக்கிறது. அதோடு வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. இரவில் கதவு தட்டப்படுமோ என்ற பயம் குறைகிறது, அது பெரிய விஷயம்தான். ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு, குடியுரிமை உண்டு என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பி, 'இனி எல்லாம் சரியாயிடும், பணத்தைக் கட்டு' என்று உங்கள் வாசலுக்கு வருபவரை உள்ளே விடாதீர்கள்.

2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டிலிருந்து வந்தவர்களில் ஆறு மதத்தவருக்குச் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற அந்தச் சொல்லை நீக்கிக் கொடுத்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. பாக் நீரிணையைக் கடந்து வந்தவர் மட்டும் எந்த விதத்தில் குறைந்துபோனார் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. கட்டியவள் இந்தியர், பிள்ளை தமிழ்நாட்டுப் பள்ளியில். அந்தச் சொல்லை இவர் பெயரிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். நாடாளுமன்றம் நினைத்தால் ஒரே வரித் திருத்தத்தில் முடியும்.

மூன்று பிள்ளைகள். மூத்தவருக்கும் கடைக்குட்டிக்கும் வேறு வேறு சட்டம் என்கிறார் வக்கீல். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு அப்படி இருக்குமா?

இருக்கும். இந்தியாவில் பிறந்த தேதி மூன்று வாசலாகப் பிரிகிறது. 1950 ஜனவரி 26-லிருந்து 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்த மண்ணில் பிறந்தவர், அப்பா அம்மா யாராக இருந்தாலும் பிறப்பால் இந்தியர். அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அந்தத் தேதியிலிருந்து பிறந்தவருக்கு, ஒருவர் இந்தியராக இருப்பதோடு மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இல்லாமலும் இருக்க வேண்டும். மூத்தவர் இரண்டாவது வாசலில் பிறந்திருந்தால் உங்கள் ஆதாரத்தை வைத்தே இந்தியர். கடைக்குட்டி மூன்றாவது வாசலில் நிற்கிறது.

முதல் வாசலே பலருக்குத் தெரியாது. மண்டபம் முகாமில் 1986 ஏப்ரலில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுத்தார்கள். அவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்டில், அவர் பிறப்பாலேயே இந்தியர், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று தீர்ப்பு வந்தது. 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில் வரிசையில் நின்று மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். அவர் கையில் இருந்த பெரிய ஆயுதம் பிறப்புச் சான்றிதழ். உங்கள் வீட்டில் 1987 ஜூலைக்கு முன்பு இங்கே பிறந்த அக்காவோ அண்ணனோ இருந்தால், இந்த இதழை மூடி வைத்துவிட்டு முதலில் அந்தத் தாளைத் தேடுங்கள்.

கடைக்குட்டி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். குழந்தையை இலங்கைக் குடியாகப் பதிவதா, இந்தியக் குடியுரிமைக்குப் போராடுவதா என்பதை, குடியுரிமை வழக்கு நடத்திப் பழகிய வக்கீலோடு உட்கார்ந்து முடிவெடுங்கள். இரண்டு படகில் கால் வைக்க இந்தியச் சட்டம் விடாது.

புழல் முகாமிலிருந்து எழுதுகிறேன். தாத்தா பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர், பூர்வீகம் திருச்சி மாவட்டம் என்பார். மனைவி சோழவரம். தாத்தா கதையால் எனக்கு ஏதாவது பயன் உண்டா?

கதையால் இல்லை, தாத்தாவின் டிரங்குப் பெட்டியால் உண்டு. 1964 அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் எழுதினார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஊரைக் கேட்டா பிரித்தார்கள்? இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஏராளமானோருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வழங்கப்பட்டது. கப்பலேறுவதற்குள் 1983 கலவரம் வந்துவிட்டது. பாஸ்போர்ட் வைத்திருந்தவரும், மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தவரும், பிறகு படகில் அகதியாகத்தான் வந்து இறங்கினார்கள்.

ஆகவே தேடுங்கள். தாத்தாவின் பழைய பாஸ்போர்ட், கண்டியில் கொடுத்த மனுவின் ரசீது, தோட்டத்துப் பிறப்புப் பதிவு, எதுவாக இருந்தாலும் பொக்கிஷம். இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகள் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் குடியுரிமை மனுவைப் பரிசீலிக்கும்படி 2019 ஜூனில் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உங்கள் வக்கீலிடம் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மனைவி இந்தியர் என்பதோடு தாத்தாவும் இந்தியர் என்று காட்டினால் உங்கள் மனுவுக்கு இரண்டு கால் கிடைக்கும்.

ஏஜென்ட் நாற்பதாயிரம் கேட்கிறார். 'தூதரகத்துக்குள்ளே ஆள் இருக்கு' என்கிறார்.

உள்ளே ஆள் இருப்பவர் வெளியே உங்களிடம் ஏன் நிற்கிறார்? கொடுக்காதீர்கள். போலிச் சான்றிதழ் ஒன்று சிக்கினாலும் உங்கள் பெயரில்தான் தடை விழும், அவர் பெயரில் விழாது.

அக்கா, எனக்கு லண்டனில இருக்கிற ஒருத்தரோட கலியாணம் பேசி முடிஞ்சுது. நான் இஞ்ச முகாமில பிறந்தனான். அம்மா அப்பா வவுனியா. என்னட்ட ஒரு பாஸ்போர்ட்டும் இல்லை. எங்க இருந்து துவங்கிறது?

தங்கச்சி, பின்னாலிருந்து முன்னால் யோசிக்க வேண்டும். கடைசிப் படி விமானம். அதற்கு முன் இந்திய அரசின் வெளியேறும் அனுமதி, அதற்கு முன் பிரிட்டன் விசா, அதற்கு முன் இலங்கைப் பாஸ்போர்ட், அதற்கும் முன் நீங்கள் இலங்கைக் குடி என்ற பதிவு. எல்லாவற்றுக்கும் அடியில் அம்மா அப்பாவின் பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள். ஆகவே வவுனியாவில்தான் துவங்க வேண்டும்.

அங்கே சொந்தம் யாராவது இருந்தால் பிரதேச செயலகத்தில் பதிவுப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். போரில் மூலத்தாள் எரிந்திருந்தாலும் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிரதி இருக்க வாய்ப்பு உண்டு. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைக் குடியாகப் பதிய இலங்கைச் சட்டம் ஓராண்டு கெடு வைக்கிறது. கெடு தாண்டியவர்களும் விளக்கத்தோடு மனுச் செய்யலாம், முகாமில் அப்படிப் பதிந்தவர்கள் நிறையப் பேர். சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகம் நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் சாலையில் இருக்கிறது. தாளை எப்படி அடுக்குவது என்று ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் கேளுங்கள். 1984-லிருந்து முகாம் மக்களோடு இருக்கிற அமைப்பு அது.

பாஸ்போர்ட் வந்த பிறகு லண்டன் பக்கம். மாப்பிள்ளையின் ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். 2024 ஏப்ரல் 11 முதல் துணைவர் விசாவுக்கான பொதுவான குறைந்தபட்சம் அதுதான், அதற்கு முன் 18,600 இருந்தது. சம்பளம் கேட்பது மரியாதைக் குறைவு என்று அப்பா சொல்வார். விசா மறுக்கப்பட்டு இரண்டு வருடம் நீங்கள் ஒருபுறமும் அவர் ஒருபுறமும் இருப்பதைவிட, ஒரு நாள் சங்கடம் மேல். உங்கள் பக்கம் ஏ1 அளவு ஆங்கிலத் தேர்வும் காசநோய்ப் பரிசோதனையும் வேண்டும். இரண்டுக்கும் அங்கீகாரம் பெற்ற இடங்கள் உண்டு, வேறெங்கு எடுத்தாலும் செல்லாது.

வெளியேறும் அனுமதி ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் வேலை. முகாம் தனி வட்டாட்சியர், க்யூ பிரிவு போலீஸ் ஆகியோரின் அறிக்கையும் இதில் சேரும். 2015 ஜனவரி 9 வரை வந்தவர்களுக்கு அதிகநாள் தங்கியதற்கான அபராதத்திலிருந்து விலக்கு உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். கலியாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கிறதை மட்டும் இந்தப் படிகள் பாதி தாண்டும்வரை தள்ளி வையுங்கள்.

பாஸ்போர்ட்டில் S. என்ற இனிஷியல், மார்க் ஷீட்டில் அப்பா பெயர் முழுதாக, கல்யாணச் சான்றிதழில் கணவர் பெயர். விசா படிவம் 'குடும்பப் பெயர்' கேட்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்?

நமக்குக் கிடையாது. அதற்காக நாம் வெட்கப்படவும் வேண்டாம். சாதிப் பட்டத்தை உதறிவிட்டு அப்பா பெயரின் ஒரு எழுத்தோடு நிமிர்ந்து நின்ற சமூகம் இது. ஆனால் படிவத்துக்கு அந்த வரலாறு தெரியாது. அதிகாரி பார்ப்பது ஒன்றுதான்: மூன்று தாளில் மூன்று பெயர். மூன்று ஆளா?

இனிஷியலை விரித்து எழுதிப் பாஸ்போர்ட் எடுங்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' ('முதற்பெயர் தெரியாது') என்று விழும். அதற்குப் பிறகு அங்கே வங்கியிலும் பள்ளியிலும் அந்த மூன்றெழுத்தே உங்கள் பெயராகிவிடும். எழுத்துக்கூட்டல் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கட்டும். ஓர் எழுத்து வித்தியாசம் என்றால் நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் போதலாம். பெயரே வேறு என்றால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுங்கள். கல்யாணமான பெண் கணவர் பெயருக்கு மாறியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மாமியார் வீட்டில் யாராவது வற்புறுத்தினால் விசா முடியட்டும் என்று சொல்லுங்கள். முடிந்த பிறகும் வேண்டாம் என்பது என் கட்சி.

ஆரம்பாக்கத்துப் பெண் நான். ஸ்ரீசிட்டியில் அவர் பொறியாளர், ஜப்பானியர். வீட்டில் சம்மதம். எங்கே, எப்படிப் பதிவது?

வாழ்த்துகள்! உங்கள் கேஸ் எளிது, தேதிகள் மட்டும் கறார். ஸ்ரீசிட்டி ஆந்திரம், ஆரம்பாக்கம் தமிழ்நாடு. சிறப்புத் திருமணச் சட்டத்துக்கு இருவரில் ஒருவர் 30 நாள் அந்த மாவட்டத்தில் குடியிருந்தால் போதும். நீங்கள் இருக்கிறீர்கள், எனவே திருவள்ளூர் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். அவர் மணமாகாதவர், அவர் நாட்டுச் சட்டப்படி மணக்கத் தகுதியுள்ளவர் என்ற சான்றைச் சென்னை ஜப்பான் துணைத் தூதரகத்தில் வாங்கட்டும். அறிவிப்பு 30 நாள். மனுக் கொடுத்த மூன்று மாதத்துக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும், தாண்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

முடிந்ததும் அவர் தம் நாட்டுக் குடும்பப் பதிவேட்டில் இந்தக் கல்யாணத்தைப் பதிய மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பிறகு, நீங்கள் அங்கே போவதாக இருந்தால், ஜப்பான் குடிவரவு அலுவலகத்தில் தகுதிச் சான்றிதழுக்கு அங்கிருந்தே மனுச் செய்வார்கள். அது வழங்கப்பட்ட மூன்று மாதத்துக்குள் விசா எடுத்து அங்கே போய் இறங்க வேண்டும். இன்னொரு மூன்று மாதத்தையும் இப்போதே காலண்டரில் குறியுங்கள்: நாளை உங்களுக்கு இங்கே குழந்தை பிறந்தால், ஜப்பான் குடியுரிமையை வைத்துக்கொள்வதாகப் பிறந்த மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மறந்தால் பிறந்த நாளிலிருந்தே அது இல்லாமல் போகும். பிள்ளைப்பேற்றுக் களைப்பில் இதை நினைவில் வைப்பது உங்கள் வேலை அல்ல, அவருடையது.

நீங்கள் இருவரும் இங்கேயே இருப்பதென்றால், பதிவான கல்யாணத்துக்கு இரண்டு ஆண்டு முடிந்ததும் அவர் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டைக்கு மனுச் செய்யலாம். பாதுகாப்புச் சரிபார்ப்பு நடக்கும், பொறுமை வேண்டும்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்? நாங்கள் இருவரும் பதில்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம்.

நிறுத்துங்கள். உண்மையான தம்பதிக்குள் நாலு பதில் முரண்படும். அவர் 'சாம்பார் பிடிக்கும்' என்பார், நீங்கள் 'தொடவே மாட்டார்' என்பீர்கள். வரிக்கு வரி ஒத்துப்போனால்தான் சந்தேகம் வரும். தெரியாததற்குத் 'தெரியாது' என்று சொல்லுங்கள். தேதி, முகவரி, முந்தைய விசா மறுப்பு, இவற்றில் மட்டும் ஒரு சொல்லும் பிசகக் கூடாது. ஆல்பத்தின் நானூறு படமும் வேண்டாம். வேறு வேறு நாளில், வேறு வேறு ஆட்களோடு எடுத்த இருபது படம் போதும். அதில் இரண்டு தரப்புப் பெற்றோரும் இருக்கட்டும். அவர் அனுப்பிய பணத்தின் ரசீதும், இரவு பேசிய அழைப்புப் பட்டியலும் மேடைப் படத்தைவிட நன்றாகப் பேசும்.

கணவர் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார். என் விசா மறுத்துவிட்டார்கள். மறுபரிசீலனைக்கு எழுதலாம் என்கிறாரே?

பழைய தகவல். ஜெர்மனி அந்த மறுபரிசீலனை முறையை 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டது. இனி புதிதாக மனுச் செய்யலாம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். மறுப்புக் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள், காரணம் அதில்தான் இருக்கிறது. ஏ1 ஜெர்மன் இல்லை என்று எழுதியிருந்தால், அவர் எந்த வகை அனுமதியில் இருக்கிறார் என்று பாருங்கள். நீல அட்டையில் போனவரின் மனைவிக்கு அந்தத் தேர்விலிருந்து விலக்கு உண்டு.

மாமனார் யாழ்ப்பாணத்தில் படுக்கையில் இருக்கிறார். கணவர் முகாமில் பதிவானவர். இரண்டு பேரும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா?

நீங்கள் போய் வரலாம். இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால், இலங்கைக்கான மின் அனுமதி எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து விமானத்தில் போகலாம். 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்-காங்கேசன்துறைக் கப்பலும் இருக்கிறது, புறப்படும் நாளை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அவர் போவது வேறு. வெளியேறும் அனுமதி வாங்கிப் போகலாம், ஆனால் திரும்பி வருவதற்கு விசா வேண்டும். முகாம் பதிவு அவருக்காகக் காத்திருக்காது. பதிவான கல்யாணச் சான்றிதழும் இலங்கைப் பாஸ்போர்ட்டும் இருந்தால், இந்தியரின் கணவராக நுழைவு விசாவுக்கு அங்கிருந்து மனுச் செய்ய வழி உண்டு. கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு கிளம்ப வேண்டாம். 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் ஆணையம் வழியாக முறைப்படி திரும்பிய முதியவர் ஒருவரையே பலாலி விமான நிலையத்தில் பிடித்தார்கள். பல்லாண்டு முன்பு பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டை விட்டுப் போனது குற்றமாம். அந்தச் செய்தி வந்த அன்று அண்ணி சாப்பிடவில்லை.

மாமனாரைப் பார்க்க முதலில் நீங்கள் போங்கள். கைப்பேசியில் முகம் காட்டுங்கள். மகன் வரமுடியாததற்கு மகன் காரணம் இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தாலும் நீங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள்.

முகாமில் தணிக்கை நாள். பட்டியலில் கணவர் பெயர், பிள்ளைகள் பெயர் வாசிக்கிறார்கள். என் பெயர் இல்லை. பக்கத்தில் நின்றுகொண்டே இருக்கிறேன். நான் எங்கே நிற்க வேண்டும்?

அங்கேயே நில்லுங்கள் அம்மா.

குடியுரிமை மனு சம்பந்தமாகக் கலெக்டரைப் பார்க்க வேண்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு எப்படிப் போவது லேசு?

நல்ல கேள்வி, இதைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை. நம் ரயில் வடக்குப் பாதை, திருவள்ளூர் மேற்குப் பாதை. ரயிலில் போனால் சென்ட்ரல் வரை போய் இறங்கி, அங்கே அரக்கோணம் பக்கம் போகும் வண்டிக்கு மாற வேண்டும். மாவட்டத் தலைநகருக்குப் போக மாவட்டத்தை விட்டே வெளியே போய் வருகிற கணக்கு. பஸ் என்றால் பெரியபாளையம் வழியாகப் போகலாம். கைக்குழந்தை இருந்தால் ரயிலே மேல், கழிப்பறையும் நிழலும் சென்ட்ரலில் கிடைக்கும்.

திங்கட்கிழமை போங்கள், அன்று மக்கள் குறைதீர் நாள். மனுவின் மூன்று நகல் வைத்திருங்கள்: ஒன்று கொடுக்க, ஒன்றில் முத்திரை வாங்க, ஒன்று வீட்டுக்கு. ரசீது எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்துக் கணவருக்கும் அனுப்பிவிடுங்கள். மதியத்துக்குக் கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள், வரிசை நீளமாக இருக்கும். பொன்னேரியைத் தாண்டும்போது எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், அண்ணியின் மனுவும் அதே மேசையில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே விசாரித்துவிடலாம்.